சினகாக் தோட்டம் போடுவது எப்படி? சனிக்கிழமையிலிருந்து தொடங்குங்கள்

நியூ ஜெர்சியில் தோட்ட வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். கோயில், சர்ச், முதியோர் இல்லம் என்று பலவற்றுக்கும் செய்திருந்த தைரியத்தில்தான் முதன்முதலாக ஒரு சினகாக் வேலையை ஒப்புக்கொண்டேன். (யூதர்களின் வழிபாட்டு இடம். தமிழ் பைபிளில் ஜெப ஆலயம் என்று வருமே, அதுதான்.) கொண்டுபோன முதல் வரைபடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு பெரிய மேப்பிள், அதன் கிளையில் ஊஞ்சல், நடைபாதைக் கற்களில் செதுக்கிய எபிரேய வசனங்கள், ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரியும் விளக்குகள். சபையின் மதகுருவான ரப்பி பொறுமையாகப் பார்த்தார். ஊஞ்சலும் விளக்கும் சனிக்கிழமை ஆகாது, வசனத்தை எந்தக் கிழமையிலும் மிதிக்க மாட்டோம், அந்த மேப்பிள் நிற்கிற இடத்தில்தான் வருஷா வருஷம் பந்தல் போடுகிறோம் என்றார். நாலும் போச்சு. மிச்சம் இருந்தது புல்தரை. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது, பிறகு சொல்கிறேன்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதும் அதற்குப் பிறகு செய்த வேலைகளில் தெரிந்துகொண்டதும் இங்கே. நான் யூதர் இல்லை, ரப்பியும் இல்லை. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ், ரிஃபார்ம் என்று சபைக்குச் சபை கண்டிப்பு மாறும், ஒரு சபையில் கூடவே கூடாது என்பதை அடுத்த தெருச் சபையில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நான் எப்போதும் கண்டிப்பான பக்கத்தை வைத்துத்தான் வரைகிறேன். அப்படி வரைந்தால் யார் வந்தாலும் அந்தத் தோட்டத்தில் உட்காரலாம். கடைசி வார்த்தை அந்தந்தச் சபையின் ரப்பியுடையது.

முதல் வேலை: ஒரு சனிக்கிழமை போய் உட்காருங்கள்

முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமைக் காலை வழிபாட்டுக்குப் போங்கள். போன், கேமரா, நோட்டு எதையும் வெளியே எடுக்காதீர்கள். யூதர்களின் ஓய்வுநாளான சபாத் அன்று எழுதுவதும் படமெடுப்பதும் அங்கே ஆகாது. கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம். வழிபாடு முடிந்ததும் எல்லாரும் எந்தக் கதவு வழியாக வெளியே வருகிறார்கள், தட்டை ஏந்திக்கொண்டு எங்கே கூடி நிற்கிறார்கள், குழந்தைகள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள், வாக்கர் வைத்து நடக்கிற பாட்டி எந்த இடத்தில் தயங்குகிறார் என்பதெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். எந்தக் கமிட்டி கூட்டத்திலும் இது தெரியாது.

'தியானத் தோட்டம்' என்றதும் நமக்கு மனதில் வருவது கண்ணை மூடி அசையாமல் உட்காரும் இடம், அல்லது மணலில் கோடு போட்ட ஜப்பானியத் தோட்டம். யூதர்களிடம் விஷயமே வேறு. ஆதியாகமம் 24-இல் ஈசாக்கு சாயங்கால நேரத்தில் வெளியே வயலுக்குப் போனது பற்றி ஒரு வரி வரும். தமிழ் பைபிள் அதைத் தியானம் என்கிறது. எபிரேயச் சொல்லுக்குப் பேச்சோடு உறவு உண்டு, அதே எழுத்துகளில் புதர் என்ற சொல்லும் அமைந்திருக்கிறது. பிற்பகல் ஜெபத்தை ஈசாக்கு ஏற்படுத்தியதாக, யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்முத் சொல்வதும் இந்த வரியை வைத்துத்தான். பிராட்ஸ்லாவ் ரப்பி நாக்மன் (1772–1810) தன் சீடர்களிடம் சொன்னதும் இதே போக்கில்தான்: தனியாக வயல்வெளிக்குப் போ, உன் சொந்த மொழியில் வாய்விட்டுக் கடவுளிடம் பேசு, அங்கே ஜெபிக்கிறவனோடு புல் பூண்டெல்லாம் சேர்ந்துகொள்ளும். அப்புறம் படிப்பு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சத்தமாக வாதாடிப் படிப்பதுதான் அவர்கள் வழக்கம். ஆகவே உங்கள் தோட்டத்தில் முணுமுணுப்பு இருக்கும், விவாதம் இருக்கும், சனிக்கிழமை மதியம் குழந்தைகள் கத்துவார்கள். 'அமைதி காக்கவும்' பலகையை யோசித்துக்கூடப் பார்க்காதீர்கள்.

வரைபடத்தில் இது எப்படி இறங்கும் என்றால்: பாதை இரண்டு பேர் பேசிக்கொண்டே சேர்ந்து நடக்கும்படி குறைந்தது ஐந்தடி அகலம். பெஞ்சுகளை ஒரே வரிசையில் போடாமல், இரண்டு இரண்டாக, எதிரெதிரே அல்லது எல் வடிவத்தில், நடுவே புத்தகம் வைக்க ஒரு கல் மேஜை. உட்காரும் உயரம் 17 முதல் 19 அங்குலம், முதுகுச் சாய்வும் கைப்பிடியும் கட்டாயம் (கைப்பிடி இல்லாத பெஞ்சிலிருந்து எண்பது வயதுக்காரர் எழுந்திருப்பதைப் பார்த்தால் அப்புறம் நீங்கள் அப்படி ஒன்றை வாங்கவே மாட்டீர்கள்). தனியாகப் பேசுகிறவருக்கு ஒரே ஒரு ஒதுக்குப்புறம், மூன்று பக்கம் செடி மறைவோடு. பாதைச் சரிவு இருபதுக்கு ஒன்றுக்கு மேல் ஏறக் கூடாது. அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம் மத நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

சபாத் என்ற அளவுகோல்

சபாத் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி, சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை. விலக்கப்பட்ட வேலைகள் 39 வகை. உழுவது, விதைப்பது, அறுப்பது என்று பட்டியலின் ஆரம்பமே விவசாயம்தான். தோட்டத்தில் கை வைக்கக் கூடாத நாளில்தான் தோட்டத்துக்கு அதிகம் பேர் வருகிறார்கள். இந்த ஒரு முரண்பாட்டைத் தீர்ப்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி.

முதலில் புல்தரை. வழிபாட்டுக்குப் பிறகு 'கித்தூஷ்' என்று ஒயின், கேக், மீன், சாலட் எல்லாம் வைத்து நின்றபடியே சாப்பிடுவார்கள். ரொட்டி சாப்பிடுமுன் கை கழுவுவது சடங்கு. புல்லின் மேல் தண்ணீர் கொட்டினால் அது செடிக்கு நீர் பாய்ச்சியதாகிவிடும். தோட்டத்தில் சாப்பிடுகிறவர்கள் புல்லின் மேல் கை கழுவக் கூடாது என்று 16ஆம் நூற்றாண்டுச் சட்டத்தொகுப்பான ஷுல்கான் ஆருக்கிலேயே இருக்கிறது. அதனால் சாப்பாட்டு இடம் முழுக்கக் கல் தளம். கை கழுவும் குழாய்த் தண்ணீரும் பாத்திக்குள் வடியக் கூடாது, தனி வடிகாலுக்குப் போக வேண்டும். 'மழைநீர் போல இதையும் செடிக்கு விட்டுவிடலாமே' என்று நம் சிக்கன புத்தி சொல்லும். மற்ற நாளுக்குச் சரி, சனிக்கிழமைக்குச் சரியில்லை.

மரம். சபாத் அன்று மரத்தில் ஏறக் கூடாது, கிளையைப் பிடித்துத் தொங்கக் கூடாது, கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டக்கூடக் கூடாது. மரத்தில் கட்டிய ஊஞ்சல் போனது இப்படித்தான். ஊஞ்சல் வேண்டுமென்றால் தனிக் கம்பத்தில் தொங்கவிடுங்கள். பெஞ்ச் மரத்தடியில் இருக்கலாம், மரத்தில் ஆணியடித்து இருக்கக் கூடாது. அன்றைக்கு மரத்திலிருந்து விழுந்த பழத்தை அன்றைக்குத் தின்னவோ எடுக்கவோ முடியாது. அதனால் மல்பெரி மாதிரி பழம் கொட்டுகிற மரம் நடைபாதைக்கு மேல் வேண்டாம். வழுக்கும் பழத்தை யாரும் கூட்டித் தள்ள முடியாத நாளில் பாதை நிறையப் பெரியவர்கள் நடப்பார்கள்.

வாசனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது. செடியில் இருக்கும் மிர்ட்டில் இலையைச் சபாத் அன்று குனிந்து முகரலாம். செடியில் தொங்கும் எத்ரோக் பழத்தை (நம்ம நார்த்தங்காய்க்குச் சொந்தக்காரன்) முகரக் கூடாது. காரணம், மிர்ட்டில் முகர மட்டுமே, ஆனால் பழத்தை முகர்ந்தால் பறித்துத் தின்னக் கை போய்விடும் என்ற பயம். தால்முத் காலத்துக் கணிப்பு இது. மனிதர்களை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள். அதனால் பாதையோரம், கை உயரத்தில், மிர்ட்டில், ரோஸ்மேரி, லாவெண்டர். பழ வகைகள் ஓர் எட்டு உள்ளே.

விளக்குகள் வெள்ளி மாலை எரிந்து சனி இரவு வரை கடிகாரப்படி ஓடட்டும், மஞ்சள் கலந்த வெளிச்சமாக, முழங்காலுக்குக் கீழே. சென்சார் வேண்டவே வேண்டாம். ஆள் நடந்ததால் விளக்கு எரிந்தால், நடந்தவர்தான் அதை ஏற்றினார் என்ற கணக்கு வந்துவிடும். கேட் பூட்டும் அப்படியே, மின்சாரப் பூட்டு இல்லாமல் இயந்திர எண் பூட்டு. சொட்டு நீருக்கு டைமர் போட்டு முன்கூட்டியே அமைத்துவிட்டால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. இதற்கும் பழைய முன்மாதிரி உண்டு. வெள்ளி மாலை இருட்டுமுன் தோட்டத்துக்கு மடையைத் திறந்துவிட்டால் சனி முழுக்கத் தானாகப் பாய்ந்துகொண்டிருக்கலாம் என்று தால்முத் அனுமதிக்கிறது. மடை திறந்துவிட்டுப் படுக்கப் போன குடும்பத்திலிருந்து வந்தவன் என்பதால் அந்த இடத்தைக் கேட்டதும் எனக்கு உடனே புரிந்தது. ஆனால் சனிக்கிழமை பகலில் தெளிப்பான் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தால் யாரால் உட்கார முடியும்? நான் அந்த ஒரு நாளை விட்டுவிட்டுத்தான் டைமர் வைக்கிறேன்.

வேலி வெறும் வேலி அல்ல. பொது இடத்தில் பொருள் தூக்கிச் செல்வது சபாத் அன்று விலக்கு, அடைக்கப்பட்ட இடத்துக்குள் கூடும். சுற்றிலும் பத்துக் கைப்பிடி உயரத்துக்கு (சுமார் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்) மதிலோ வேலியோ இருந்தால் அம்மா பிள்ளைவண்டியைத் தள்ளிக்கொண்டும், தாத்தா ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டும் உள்ளுக்குள் நடமாடலாம். வீட்டோடு சேராத பெரிய தோட்டத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. தால்முத்துக்கு அடிப்படையான சட்ட நூல் மிஷ்னாவின் அளவு 5,000 சதுர முழம், சின்ன முழத்தில் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,150 சதுர மீட்டர். உங்கள் தோட்டம் அதைத் தாண்டினால் வேலிக் கோட்டையும் பாத்திகளின் பரப்பையும் போட்டு ரப்பியிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள், கான்கிரீட் ஊற்றிய பிறகு அல்ல.

வானத்துக்குத் திறந்த ஒரு சதுரம்

என்னிடம் யாராவது ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன். தோட்டத்தில் ஓர் இடத்தை, சமதளக் கல் தரையோடு, மேலே கிளையோ கூரையோ நீட்டாமல் விட்டுவிடுங்கள். ஆறுக்கு எட்டு மீட்டர் கிடைத்தால் நாற்பது பேர் மேஜை போட்டு உட்காரலாம்.

முதல் காரணம் சுக்கோத், தமிழ் பைபிளில் கூடாரப் பண்டிகை. செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் ஒரு வாரம் பந்தலில்தான் சாப்பாடு. பந்தல் என்ற சொல் இதற்கு அளவெடுத்தது போலப் பொருந்துகிறது: மேலே வெட்டிய கீற்று, மூங்கில், இலைதழை, உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம், ஆனால் இரவில் நட்சத்திரம் தெரிகிற அளவு இடைவெளி. மண்ணில் வேர் ஊன்றிய எதுவும் அந்தக் கூரையாகச் செல்லாது, பந்தலுக்கு மேல் மரக்கிளை கவிந்தாலும் செல்லாது. வடிவமைப்பாளர்கள் எல்லாரும் திராட்சைக் கொடி படர்ந்த பெர்கோலாவைக் காட்டி 'இதோ சுக்கா' (அந்தப் பண்டிகைப் பந்தலின் பெயர்) என்பார்கள். நானும் காட்டினேன். கொடி உயிரோடு வேரில் இருக்கும்வரை அது சுக்கா இல்லை. கல் தரையில் நாலு மூலையிலும் கம்பம் நட மூடியுள்ள குழாய்ச் செருகிகளை முதலிலேயே பதித்துவிடுங்கள். பக்கத்தில் மழை தாங்கும் ஒரு மின் இணைப்பு, மேஜை நாற்காலி அடுக்க ஒரு கொட்டகை. வருஷா வருஷம் பந்தல் போடுகிற தொண்டர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

அதே சதுரத்தில் திருமணம் நடக்கும், ஏனென்றால் மணப் பந்தலை வானத்தின் கீழ் வைப்பது அஷ்கெனாசி (ஐரோப்பிய மரபு) யூதர்களின் பழைய வழக்கம். மாதா மாதம் வளர்பிறையில், பெரும்பாலும் சனி இரவு சபாத் முடிந்ததும், நிலவைப் பார்த்து நின்றபடி ஆசி சொல்வார்கள். அதற்கும் திறந்த வானம் வேண்டும். கிழக்குப் பக்கம் மறைக்காமல் இருந்தால் இன்னொன்றும் நடக்கும். 28 வருஷத்துக்கு ஒருமுறை வரும் சூரிய ஆசி கடைசியாக 2009 ஏப்ரல் 8 அன்று காலையில் நடந்தது, அடுத்தது 2037 ஏப்ரல் 8. தோட்டக் கமிட்டியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கிழக்கு மூலையில் ஸ்ப்ரூஸ் நட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் தானாக அடங்கிவிடுவார்.

ஜன்னலும் கிழக்கு விஷயம்தான். ஜெப அறைக்கு ஜன்னல் வேண்டும் என்பது விதி, அமெரிக்காவின் இந்தக் கரையிலிருந்து எருசலேமை நோக்குவதென்றால் கிழக்கு. அந்த ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பாத்திதான் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மணிக்கணக்கில் பார்க்கப் போகிற தோட்டம். அங்கே சத்தமில்லாத, ஒரே பச்சையான, காற்றுக்கு மெல்ல அசைகிற செடி போதும்.

மூடியதும் தெரிவதும்

உன்னதப்பாட்டில் பூட்டிய தோட்டம் என்ற உவமை வரும், அடுத்த வரியிலேயே 'பர்தேஸ்' என்ற சொல்லும். பாரசீகத்திலிருந்து வந்தது, பழத்தோட்டம் என்று பொருள், பாரடைஸ் என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான். (கொச்சியில் 1568-இல் கட்டிய பரதேசி சினகாக்கின் 'பரதேசி' நம்ம பரதேசிதான், வெளிநாட்டான் என்று அர்த்தம். இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு கமிட்டி கூட்டத்தில் பேசி மாட்டிக்கொண்டேன்.) திறந்த வெளியில் நின்று ஜெபிப்பதைப் பழைய சட்டம் விரும்புவதில்லை, சுற்றி அடைப்பு இருப்பதையே விரும்புகிறது. ஆக, மூடிய தோட்டம் மரபுக்கும் பொருந்துகிறது.

ஆனால் 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் சினகாக்கில் சபாத் காலையில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அமெரிக்காவில் எந்தச் சினகாக்குக்கும் பாதுகாப்பு ஆலோசகரைக் கேட்காமல் ஒரு புதர்கூட நட முடிவதில்லை. அவர் சொல்வதும் நீங்கள் வரைவதும் மோதும். நான் சமாளிக்கிற விதம்: தெருப்பக்கம் உயரமான, உள்ளே பார்வை போகிற கம்பி வேலி, அதன் உட்புறம் இடுப்புக்குக் கீழே நிற்கும் புதர்கள், மரங்களின் கீழ்க்கிளைகளை ஏழடி வரை கழித்துவிடுவது. வண்டி மோதாமல் தடுக்க இரும்புத் தூண்களுக்குப் பதில் கனமான கல் தொட்டிகள் (அடியில் அஸ்திவாரத்தோடு). அவசரத்துக்கு வெளியேற இரண்டாவது வழி. மறைவான மூலை உட்புறச் சுவரை ஒட்டித்தான், தெருவை ஒட்டி அல்ல. பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பிக்கும் சபைகளுக்கு மத்திய அரசின் மானியத் திட்டம் ஒன்று இருக்கிறது, வேலிச் செலவை அதில் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

என்ன நடுவது

உபாகமம் 8:8-இல் வரும் ஏழு விளைபொருள்: கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை. எல்லாச் சபையும் முதலில் கேட்பது இதைத்தான். ஒரே பாத்தியில் ஏழையும் அழகாக நட்டுப் பலகை வைக்கலாம் என்று தோன்றும். அங்கேதான் கண்ணி இருக்கிறது. திராட்சையோடு தானியத்தைக் கலந்து பயிரிடுவது தோராவே (பைபிளின் முதல் ஐந்து நூல்கள்) தடுக்கும் கலப்பு. இஸ்ரேலுக்கு வெளியேயும் ரப்பிகள் இதைத் தடுத்திருக்கிறார்கள். திராட்சைக்கும் கோதுமைக்கும் நடுவே நாலு முழம், இரண்டேகால் மீட்டருக்குக் குறையாமல், விட்டுவிடுங்கள். நான் திராட்சையைத் தனிப் பந்தலில் ஏற்றிவிடுவேன். இங்கே கான்கார்ட் ரகம் நன்றாக வரும், அமெரிக்க யூத வீடுகளில் பரிச்சயமான அந்த இனிப்பு மனிஷெவிட்ஸ் ஒயின் அதிலிருந்து வருவதுதான்.

நியூ ஜெர்சிக் குளிர் இடத்தைப் பொறுத்து கழித்தல் 15, 20 டிகிரி வரை போகும். ஒலிவமும் பேரீச்சையும் வெளியே பிழைக்காது. சக்கரம் வைத்த தொட்டியில் வளர்த்து நவம்பரில் உள்ளே தள்ளிவிட வேண்டும், எத்ரோக்கும் மிர்ட்டிலும் அப்படியே. அத்தியில் சிகாகோ ஹார்டி ரகம், குளிர்காலத்தில் சாக்குச் சுற்றி. சாக்கு எப்படிச் சுற்றுவது என்று பக்கத்துத் தெரு இத்தாலியத் தாத்தா யாரையாவது கேளுங்கள், இந்த மாநிலத்தில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிறார்கள். மாதுளைக்குத் தெற்குச் சுவரோரம் ஒரு முயற்சி செய்யலாம். செத்தால் வருத்தப்படாதீர்கள்.

பைபிள் செடிகளை மட்டுமே வைத்துத் தோட்டம் போட்டவர்கள் இருக்கிறார்கள். இஸ்ரேலில் மோதிஈன் பக்கம் நெயோத் கெதூமிம் சுமார் 625 ஏக்கர். பிட்ஸ்பர்க்கில் ரோடெஃப் ஷாலோம் சபை 1986-இல் தொடங்கியதோ மூன்றில் ஒரு ஏக்கர்தான், அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட செடி வகைகள். படிப்பதற்கு அருமையான வகை இது. உட்கார்ந்து யோசிக்கிற தோட்டத்துக்கு, என் கருத்தில், பத்துப் பன்னிரண்டு வகை போதும். பலகை கூடக்கூட வந்தவர் நடந்துகொண்டே இருப்பார், உட்கார மாட்டார்.

பழமரம் இரண்டாவது கட்டாயம் வையுங்கள். நிசான் மாதத்தில் (மார்ச், ஏப்ரல்) பூத்த பழமரத்தைப் பார்த்து வருஷத்துக்கு ஒருமுறை ஆசி சொல்வார்கள், இரண்டு மரம் இருந்தால் உத்தமம். இங்கே ஆப்பிள் பூக்கச் சில வருஷம் நிசான் தாண்டிவிடும். செர்ரி, பேரி முந்திப் பூக்கும். வாங்கும்போது நர்சரியில் ஒட்டுக்கட்டையைக் கேளுங்கள். பேரியைக் குயின்ஸ் என்ற வேறொரு பழமரத்தின் வேரில் ஒட்டுக் கட்டி விற்பது சகஜம், அது வேற்றின ஒட்டு, யூதச் சட்டப்படி ஆகாது. பேரி வேரில் பேரி என்றால் சரி. நட்ட முதல் மூன்று வருஷப் பழத்தை யாரும் தின்னக் கூடாது, உலகத்தில் எங்கே நட்டாலும். கணக்கு நட்ட தேதியிலிருந்து நேராக ஓடுவதில்லை. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு 44 நாளுக்கு மேல் மீதி இருக்கும்போது நட்டால் அந்த மிச்ச மாதங்களே ஒரு வருஷமாக எண்ணப்படும். ஜூனில் நட்ட மரமும் ஆகஸ்ட் கடைசியில் நட்ட மரமும் இப்படி ஒரு முழு வருஷம் வித்தியாசப்படும். மரத்தில் ஒரு தகடு கட்டி நட்ட தேதியையும், பழம் எந்த வருஷம் தின்னலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். நாலாம் வருஷப் பழத்துக்கு வேறு முறை உண்டு, ரப்பி சொல்வார். இஸ்ரேலில் இருக்கிறீர்கள் என்றால் இதோடு ஏழாம் வருஷ நில ஓய்வும் சேரும். அடுத்தது 2028 செப்டம்பரில் தொடங்குகிறது, நடவு எல்லாம் அதற்கு முன்.

இடத்தில் ஏற்கெனவே பழமரம் நின்றால் வரைபடத்தை வளையுங்கள், மரத்தை வெட்டாதீர்கள். முற்றுகைப் போரில்கூடப் பழமரத்தை வெட்டாதே என்று உபாகமம் 20 சொல்கிறது. இன்னொரு பக்கம், பலிபீடத்துக்கு அருகே மரம் நடாதே என்ற வசனத்தை வைத்து, சினகாக் முற்றத்திலேயே மரம் கூடுமா என்று 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ரப்பிகள் எதிரும் புதிருமாகத் தீர்ப்பெழுதியிருக்கிறார்கள். இன்று பெரும்பாலான சபைகளில் மரம் நிற்கிறது. ஆனாலும் வாசலை ஒட்டி முதல் மரத்தை வைக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வில்லோ, சுக்கோத்துக்குக் கொத்துக் கொத்தாகத் தேவைப்படும். ஈரமான தாழ்ந்த மூலையில், கழிவுநீர்க் குழாயிலிருந்து தள்ளி நடுங்கள், வேர் குழாயைத் தேடிப் போகும். எல்லா வில்லோவும் சடங்குக்குச் செல்லாது, இலையைக் காட்டிக் கேளுங்கள். மான் தொல்லை உள்ள ஊர் என்றால் எட்டடி வேலி இல்லாமல் எதுவும் மிஞ்சாது.

பெயர்ப்பலகையில் கவனம். மத்தியதரைக் கடல் பக்கத்து ரெட்பட் மரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'யூதாஸ் மரம்'. தொங்கும் தொட்டிகளில் எல்லாரும் வளர்க்கும் ஊதாக் கோடிட்ட டிரெடஸ்கான்ஷியாவுக்கு 'அலையும் யூதன்' என்று ஒரு பெயர், அது பழைய வெறுப்புக் கதையிலிருந்து வந்தது. நர்சரி ஒட்டிய சீட்டோடு அப்படியே கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொண்டுபோவதற்கு முன் சீட்டைக் கழற்றுங்கள்.

தண்ணீர், எழுத்து, நினைவு

சிறு குளம் வைத்தால் ரோஷ் ஹஷானா மதியம் நீர்நிலை ஓரம் நின்று சொல்லும் தஷ்லிக் ஜெபத்துக்கு உதவும், மீன் இருந்தால் இன்னும் விசேஷம். பம்ப் சத்தம் தெரு இரைச்சலை மூடும் அளவுக்கு மட்டும். ஜன்னல் திறந்திருக்கும்போது தோரா வாசிப்பு கேட்காமல் போகக் கூடாது. ஆழம் ஓரடிக்குள், சுற்றிலும் கல் விளிம்பு.

சிலை வேண்டாம், குறிப்பாக மனித உருவம். பழைய எருசலேம் கோயிலில் இருந்த ஏழு கிளை விளக்கின் நகலும் வேண்டாம், தால்முத்திலேயே தடை இருக்கிறது. அலங்காரமாக மாதுளை, கொடி, கல்லின் இயல்பான உருவம் இவை போதும்.

வசனம் எழுதுவதென்றால் சுவரில், கண் உயரத்தில். கடவுளின் பெயர் வரும் வரியைத் தவிர்த்து வேறு வரி எடுங்கள். என் பழைய வரைபடத்தில் நடைபாதைக் கல்லுக்கென்று ஒரு முழு வசனத்தை, கடவுளின் நாலெழுத்து எபிரேயப் பெயரோடு, பெரிதாக அச்சடித்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் தாளைச் சுருட்டிக் குப்பைக்கூடை பக்கம் நகர்ந்தேன். ரப்பி ஓடிவந்து வாங்கிக்கொண்டார். அதை நீவி, இரண்டாக மடித்து, அலமாரியில் இருந்த அட்டைப்பெட்டியில் கிழிந்த ஜெபப் புத்தகங்களோடு வைத்தார். பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போட மாட்டார்கள், சேர்த்து வைத்துக் கல்லறை நிலத்தில் புதைப்பார்கள். என் மேப்பிளும் ஊஞ்சலும் மோஷன் சென்சாரும் இப்போது எங்கோ மண்ணுக்கடியில் மரியாதையாக இருக்கின்றன. இதிலிருந்து ஒரு நடைமுறைக் கேள்வி: பழைய சபை என்றால், வளாகத்தில் எங்காவது அப்படிப் புத்தகம் புதைத்திருக்கிறார்களா என்று தோண்டும் முன் கேளுங்கள்.

நன்கொடையாளர் பெயருக்கு ஒரே ஒரு சுவர் ஒதுக்குங்கள். பெஞ்சுக்கு ஒன்று, செடிக்கு ஒன்று என்று விட்டால் தோட்டம் ரசீதுப் புத்தகம் போல ஆகிவிடும். இறந்தவர் நினைவிடம் கேட்டால், அது கல்லறை போலத் தோன்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புடாபெஸ்ட் டோஹானி தெரு சினகாக் வளாகத்தில் 1944–45 குளிர்காலத்தில் கெட்டோவில் (யூதர்களை அடைத்து வைத்த பகுதி) மாண்ட ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், பின் முற்றத்தில் இம்ரே வர்கா செய்த உலோக வில்லோ மரத்தின் இலைகளில் பெயர்கள் பொறித்திருக்கின்றன. அது வரலாறு திணித்த விதிவிலக்கு. ஆசாரிய வம்சத்தவரான கோஹென்கள் கல்லறைக்கு அருகே போக மாட்டார்கள், ஆகவே வழிபாட்டு இடத்தில் அடக்கம் வைப்பதில்லை. ஒரு மரமும், உள்ளங்கையில் அடங்கும் கூழாங்கற்கள் நிறைந்த ஒரு தொட்டியும், வருகிறவர்கள் நினைவாகக் கல் வைக்க ஒரு மேடையும் போதும்.

வேலை நடக்கும்போது

தோண்டுவதற்குச் சில நாள் முன் 811-க்குப் போன் செய்து பூமிக்கடியில் ஓடும் குழாய், ஒயர்களைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஓரடிக் குழி வெட்டி, நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கவில்லை என்றால் செடி வாங்கும் பணத்தை முதலில் வடிகாலுக்குக் கொடுங்கள். வரிசை இப்படி: வடிகால், சுவர், கல் தளம், குழாய், மின்சாரம், மண், மரம், கடைசியில் சிறு செடி.

ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் எழுத வேண்டிய ஒன்று, வெள்ளி பிற்பகல் முதல் சனி இரவு வரையும் பண்டிகை நாட்களிலும் வேலை கிடையாது, வேலையாட்கள் யூதர்கள் இல்லை என்றாலும். சினகாக் நிலத்தில் சபாத் அன்று கட்டட வேலை நடப்பது பார்ப்பவருக்கே தப்பாகப் படும். நான் இதை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு நம்பியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இலை ஊதும் இயந்திரத்தோடு ஜெப அறை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள். உள்ளே யாரும் போன் எடுக்க மாட்டார்கள், எனக்கும் தகவல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. இப்போது பண்டிகைத் தேதிகளைப் போட்ட ஒரு பக்கக் காலண்டரில் ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போடாமல் முன்பணம் போவதில்லை.

முடிந்ததும் கொட்டகைக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டிவிட்டு வாருங்கள். வெள்ளி மதியம் பாதை கூட்டி, உதிர்ந்த பழம் பொறுக்கி, டைமர் பார்ப்பது. சுக்கோத்துக்கு முன் சதுரத்தைக் கழுவி, மேலே நீண்ட கிளை கழித்து, வில்லோ வெட்டி வைப்பது. நவம்பரில் அத்திக்குச் சாக்கு, தொட்டிகள் உள்ளே. மரங்களின் புத்தாண்டான து பிஷ்வாத் ஜனவரி, பிப்ரவரியில் வரும், அப்போது இங்கே தரை கல்லாக உறைந்திருப்பதால் மரம் நட முடியாது. அதற்குப் பதில் குழந்தைகள் ஜன்னலோரத் தொட்டியில் பார்ஸ்லி விதை போடுவார்கள், பஸ்கா விருந்துத் தட்டுக்கு அது சரியாகத் தயாராகிவிடும். அதே தட்டுக்குக் கசப்புக்காக ஹார்ஸ்ராடிஷ் கிழங்கும் வேண்டும். அதைப் பெரிய தொட்டியிலேயே வையுங்கள், எவ்வளவு கெஞ்சினாலும் தரையில் இறக்காதீர்கள். ஒரு சபையில் கெஞ்சினார்கள், இறக்கினேன். மூன்று வருஷமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறோம்.